விசித்திரப் பொதுக்கூட்டம்: வழக்கத்தை விட்டு விலகியதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், லெபு பாசார் பக்கத்துச் சந்து ஒன்றில் ஓர் அச்சகம் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் நான் அங்கே மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், தீபாவளிப் பதாகை எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குப் போகும். பிழை திருத்துவதே என் பிழைப்பு. பிழை, பிழைப்பு என்ற இந்த இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

சென்ற மாதம் ஒரு கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். மேலே கொட்டை எழுத்தில் ‘விசித்திரப் பொதுக்கூட்டம்’ என்று இருந்தது. “தம்பி, இது என்ன கூட்டம்?” என்று கேட்டேன். “மெஷுவாராட் ஆகோங் லுவார் பியாசா ஐயா. கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன், லுவார் பியாசாவுக்கு இப்படித்தான் வந்தது” என்றார். அந்தக் குழுவின் கூட்டங்களை நேரில் பார்த்தவர்கள் தலைப்பு சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். ஆனாலும் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்ட முடியாது.

மலாயில் லுவார் என்றால் வெளியே, பியாசா என்றால் வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை வழக்கமாக நடக்கும் கூட்டத்துக்கு வெளியே, நடுவில் கூட்டுகிற கூட்டம். அந்தச் சொல் இந்த இடத்தில் ‘வெளியே’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. மேலே போனதா, கீழே போனதா, கோணிக்கொண்டு பக்கவாட்டில் போனதா என்று அது துருவுவதில்லை. நம் சொற்கள் பெரும்பாலும் அப்படி நின்றுகொள்வதில்லை. சிறப்பு என்றால் மேலே ஏற்றிவிட்டோம். கேடு என்றால் கீழே தள்ளிவிட்டோம். விசித்திரம் என்றால் சொல்லும்போதே புருவம் உயர்ந்துவிடுகிறது. தமிழில் ஒன்றை ‘வழக்கத்துக்கு மாறானது’ என்று சொல்ல நினைக்கும்போதே அதைப் பற்றிய தீர்ப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

அதனால் புதிதாக எழுத வருகிறவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். எதிலிருந்து விலகியது? விலகியதை நீ எந்தக் கண்ணால் பார்க்கிறாய்?

முதல் கேள்விக்கே விடைகள் பல. அளவை விட்டு விலகினால் மிகை அல்லது குறை. நேர்க்கோட்டை விட்டு விலகினால் கோணல். விதியை விட்டு விலகினால் மீறல். அந்த விதியே கதவைத் திறந்துவிட்டால் விதிவிலக்கு. மரபை விட்டு விலகியவர் புகழ்பெற்றவரானால் அது புதுமை, நம் வீட்டுப் பிள்ளையானால் அடங்காமை. எதிர்பார்ப்பை விட்டு விலகினால் விந்தை, வியப்பு, அதிசயம். இதுவரை நடந்ததையெல்லாம் விட்டு விலகினால் அபூர்வம்; அந்தச் சொல்லுக்கே ‘முன்பு இல்லாதது’ என்றுதான் பொருள்.

எதிலிருந்து என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எதிர்வீட்டு அத்தையிடம் பார்த்தேன். இரத்தப் பரிசோதனை முடிவில் ஏதோ ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் ‘தீடாக் நார்மல்’, அதாவது இயல்பாக இல்லை, என்று போட்டிருந்ததாம். மகன் வேலைக்குப் போகும் அவசரத்தில், “அம்மா, உங்கள் ரத்தம் சரியில்லையாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அத்தை மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அக்காள் தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டு அழுதுவிட்டார். நான்காம் நாள் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். கொழுப்பின் அளவு வரம்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. ‘ஓர் அளவு கூடியிருக்கிறது’ என்பது ஒரு சேதி. ‘ரத்தம் சரியில்லை’ என்பது வேறு சேதி. அவ்வளவுக்கும் இரண்டையும் மலாயில் அதே இரண்டு சொல்லால் சொல்லிவிடலாம்.

கணக்குப் பாடத்தில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. நம் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுவதால் எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவை இங்குள்ள பிள்ளைகள் மலாயில் ‘சிசிஹான் பியாவாய்’ என்றுதான் படிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது திட்டவிலக்கம். ஓர் எண் சராசரியிலிருந்து தள்ளி நிற்கிறது என்பதற்காக அதை யாரும் திட்டுவதில்லை. விலகல், விலக்கம், மாறுபாடு, வேறுபாடு ஆகிய நான்கும் கோபதாபம் இல்லாத சொற்கள். தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லாத இடத்தில் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

சரியும் தவறும் மட்டுமா?

இந்த விலகல் விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இலக்கணத்தில்தான் இருக்கிறது. இலக்கணம் என்றதும் ஓடிவிட வேண்டாம்; மூன்றே சொற்கள். வழாநிலை, வழு, வழுவமைதி.

வழு, வழுவுதல், வழுக்குதல் எல்லாம் ஒரே குடும்பம். ஈரத் தரையில் கால் போவதுபோலச் சொல் தன் இடத்தை விட்டுப் போவது வழு. அப்படிப் போகாமல் நிற்பது வழாநிலை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஏழு இடங்களில் கால் வழுக்கலாம் என்று எண்ணிச் சொல்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. ‘அவன் வந்தாள்’ என்றால் பால் வழு. ‘நேற்று வருவான்’ என்றால் கால வழு. ‘யானை குரைத்தது’ என்றால் மரபு வழு. யானை பிளிற வேண்டும், குரைக்க நாய் இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கு ஃபெரி எத்தனை மணிக்கு என்று கேட்டவரிடம், கடலில் இன்று காற்று அதிகம் என்று சொன்னால் விடை வழு.

இதுவரை எல்லா மொழிகளிலும் இருப்பதுதான்: சரி, தவறு. நம்மவர்கள் அதோடு நிற்காமல் மூன்றாவதாக ஒரு பெட்டி வைத்தார்கள். வழுவமைதி. வழு என்று தெரியும். ஆனாலும் ஒரு காரணம் இருப்பதால் அதை அமைத்துக்கொள்கிறோம், ஏற்றுக்கொள்கிறோம்.

மதிய நேரத்தில் சூலியா தெருப் பக்கம் ஏதாவது ஒரு நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்று பாருங்கள். தட்டு இன்னும் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. சோற்றின் மேல் கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கொஞ்சம் தள்ளி இன்னொரு பானையிலிருந்து கருப்பாக ஏதோ ஒன்று என்று ஊற்றிக்கொண்டே போகிறார். முன்னால் நிற்பவர் ‘பஞ்ஜிர்’ கேட்டிருக்கிறார். வெள்ளம் என்று பொருள். சோறு குழம்பில் மிதக்க வேண்டும். அப்போது ஓரத்து மேசையிலிருந்து ஒரு குரல்: “அண்ணே, என் சாப்பாடு?” கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே சொல்கிறார்: “இதோ வந்துவிட்டது!”

எங்கே வந்தது? அந்த மேசைக்கான தட்டை அவர் இன்னும் எடுக்கவே இல்லை. இனி வரப்போவதை வந்து முடிந்ததாகச் சொல்லிவிட்டார். விதிப்படி பார்த்தால் இது கால வழு. ஆனால் நன்னூல் இந்தக் கடைக்காரருக்காகவே ஒரு நூற்பா எழுதியதுபோல இருக்கிறது: ‘விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉம் முக்காலமும் ஏற்புழி’. விரைவைக் காட்ட வேண்டுமானால் காலம் பிறழலாம், ஏற்ற இடத்தில். பசியோடு உட்கார்ந்திருப்பவரிடம் ‘வரும்’ என்று இலக்கண சுத்தமாகச் சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

அந்த நூற்பாவில் ‘பிறழவும் பெறூஉம்’ என்பதைக் கவனியுங்கள். பிறழ்வு என்றால் இன்று மனநோயும் ஒழுக்கக்கேடும் நினைவுக்கு வருகின்றன. பவணந்தி அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

திணைக்கும் பாலுக்கும் இதே சலுகை உண்டு. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய ஐந்து காரணங்களால் அவை மாறினாலும் ‘இயல்பே’ என்று முடிக்கிறது இன்னொரு நூற்பா. மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு “வாடா என் ராஜா” என்று கொஞ்சுகிற தகப்பன், மகிழ்ச்சியால் பாலை மாற்றிவிட்டார். என் பாட்டி வீட்டுப் பூனை மீனைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று, “வரட்டும் அந்தத் துரை, காலை உடைக்கிறேன்” என்றார். அஃறிணை உயர்திணை ஆகிவிட்டது, கோபத்தால். மறுநாள் அதே பூனையை மடியில் வைத்துக்கொண்டு அதே ‘துரை’ என்று கொஞ்சினார், மகிழ்ச்சியால். வழு ஒன்று, அமைதிக்குக் காரணம் இரண்டு.

பிழையிலிருந்து பிழைப்பு

பிழைத்தல் என்பதற்கு அடிப்படைப் பொருள் குறி தவறுதல். அம்பு குறி பிழைத்தால் மான் உயிர் பிழைக்கும். அங்கிருந்துதான் இரண்டு கிளைகளும் பிரிகின்றன. வில்லாளியின் பக்கம் நின்று பார்த்தால் அது பிழை, அதாவது குற்றம். மானின் பக்கம் நின்று பார்த்தால் அது பிழைப்பு. சாவு குறி தவறியதால் வாழ்வு. அந்த வாழ்வை ஓட்டுவதற்குச் செய்யும் வேலையும் பிழைப்பு.

நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் பதில் இரண்டே சொல்: “பிழைக்க வந்தோம்.” என் பாட்டியும் அதைத்தான் சொல்வார். மெய்ப்புத் தாளில் சிவப்பு மையால் பிழையை வட்டமிடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல் நினைவுக்கு வரும்.

தவறு என்ற சொல்லும் இப்படித்தான் வழி மாறித் திரிகிறது. கல்யாணப் பத்திரிகையில் ‘தவறாமல் வருக’. கருமக்கிரியைக்குச் சொல்ல வருகிறவர், “அப்பா தவறிவிட்டார்” என்கிறார். ஒரே நாளில் இரண்டு தாள்களும் என் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததுண்டு. செத்துப்போனவர் தவறேதும் செய்யவில்லை. நம் கையிலிருந்து தவறிவிட்டார்.

தைப்பூசப் பாதையில் நான்கு சொற்கள்

விகாரம் என்ற சொல்லைத் தெருவில் கேட்டால் பயம் வரும். விகாரமான முகம் என்றால் பார்க்கச் சகிக்காத முகம். இலக்கணத்துக்குள் நுழைந்தால் அதே சொல் பல் பிடுங்கிய பாம்பு. இரண்டு சொற்கள் சேரும்போது எதுவும் மாறாமல் நின்றால் இயல்பு, ஏதாவது மாறினால் விகாரம். அதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. விகாரமும் மூன்றுதான்: ஓர் எழுத்து புதிதாகத் தோன்றலாம், இருந்தது திரியலாம், அல்லது கெடலாம், அதாவது காணாமல் போகலாம்.

பினாங்கில் இதற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்தால் போதும். தண்ணீர், மலை இரண்டும் அப்படியே நிற்கின்றன, இயல்பு. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். நடுவில் ஒரு ‘ப்’ முளைத்துவிட்டது. வெயில் தாங்காமல் ஒதுங்குவது மரநிழலில். மரத்தின் ‘ம்’ கெட்டுவிட்டது. பெண்கள் தலையில் சுமப்பது பாற்குடம். பாலின் ‘ல்’ திரிந்து ‘ற்’ ஆகிவிட்டது. அப்புறம் 513 படி ஏற வேண்டும். அதற்கு இலக்கணம் உதவாது.

ஆனால் பாற்குடம் என்று யார் சொல்கிறார்கள்? வருகிற பதாகைகளில் பெரும்பாலானவை ‘பால்குடம்’ என்றுதான் வருகின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எல்லாவற்றையும் திருத்தி அனுப்புவேன். ஒருமுறை ஓர் அம்மா பதாகையோடு திரும்பி வந்து, “ஐயா, நாங்கள் பால் எடுக்கிறோம், நீங்கள் பாறையைத் தூக்கச் சொல்கிறீர்களே” என்றார். அன்றிலிருந்து பால்குடத்தைத் தொடுவதில்லை. பவணந்தியும் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார். நன்னூலின் கடைசி நூற்பா அவருடையதுதானே: ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே’. இந்த வரியைப் பொங்கல், போகி வாழ்த்துகளில் போட்டுப் போட்டு, பழைய துணியை எரிப்பதற்கான அறிவுரைபோல ஆக்கிவிட்டோம். அவர் பேசியது சொற்களைப் பற்றி. ‘வழுவல’ என்றால் வழு அல்ல. அத்தனை விதிகளையும் எழுதி முடித்துவிட்டு, காலம் மாற்றினால் அது குற்றமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

காலை உணவு சாப்பிட்டீர்களா என்பதை நாம் “பசியாறிவிட்டீர்களா?” என்று கேட்கிறோம். சென்னையிலிருந்து வந்த ஒரு விருந்தினர், “பசி இன்னும் ஆறவில்லை” என்று பதில் சொன்னார். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் முருகன் இருக்குமிடம் பத்துமலை. மலாயில் பத்து என்றால் கல். சுங்கை பத்து என்ற ஆற்றின் பெயர் குகைக்கும் வந்தது. அதைத் தமிழ்க் காதில் வாங்கிப் பத்து என்ற எண்ணாக ஆக்கிக்கொண்டோம். இன்று அதைத் திருத்த முனைகிறவர்தான் வழு செய்தவர் ஆவார்.

விதிவிலக்கும் புறனடையும்

நுழையத் தடை என்ற பலகைக்குக் கீழே ‘கெச்சுவாலி’ என்று ஒரு சொல்லும் இன்ன வண்டி என்று ஒரு பெயரும் இருந்தால், அந்த வண்டிக்கு மட்டும் விதி பொருந்தாது. அதுதான் விதிவிலக்கு. விலக்கு என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும், அதற்கு இரண்டு முகம். மதுவிலக்கு என்றால் மது கூடாது. வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். முதலாவது தடுக்கிறது, இரண்டாவது விடுவிக்கிறது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், அறம் என்பது விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்கிறார். அவருடைய காலத்து விலக்கு, தடை. விதிவிலக்கில் இருப்பது விடுதலை.

இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையில் புறனடை என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று யாரும் எடுப்பதில்லை, பாவம். ஓர் இயலில் எல்லா விதியையும் சொல்லிவிட்டுக் கடைசியில், நான் சொல்லாமல் விட்டவை எதிர்ப்பட்டாலும் சொன்னவற்றின் போக்கிலேயே புரிந்துகொள்ளுங்கள் என்று எழுதிவைப்பது புறனடை. ‘கிளந்த அல்ல வேறுபிற தோன்றினும் கிளந்தவற்று இயலான் உணர்ந்தனர் கொளலே’ என்று தொல்காப்பியம் சொல்வது அந்த வகை. விதிவிலக்கு, பெயர் எழுதி வெளியே அனுப்புகிற கடிதம். புறனடை, பெயர் தெரியாத விருந்தாளிக்காகப் போட்டுவைத்த இலை.

விதிவிலக்குக்குள்ளும் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கலாம் என்பதற்கு நம் எண்களைப் போல வேறு சாட்சி வேண்டாம். அறுபது, எழுபது, எண்பது என்று எண்ணிக்கொண்டே வருகிறோம். அடுத்து ‘பது’ என்று முடிய வேண்டியது தொண்ணூறு என்று நூறை இழுத்துக்கொண்டு வருகிறது. எழுநூறு, எண்ணூறு, அடுத்தது தொள்ளாயிரம், ஆயிரத்தை இழுத்துக்கொண்டு. தமிழ் கற்க வருகிற சீனப் பிள்ளைகள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆனால் ஒன்பதைப் பாருங்கள். எட்டுக்கு அடுத்து வருகிற எண்ணுக்குள் ‘பது’ ஏன் வந்து உட்கார்ந்தது? அதுவும் அடுத்த படிக்குரிய பெயரை முன்கூட்டியே வாங்கிப் போட்டுக்கொண்டதுதான். மூன்று இடத்திலும் ஒன்பதாவது ஆள் மேல்படியில் கால் வைத்துவிடுகிறான். ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்றொரு பழைய பெயரும் இருந்தது. தொல்காப்பியத்திலும் பரிபாடலிலும் வருகிறது. தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பவற்றின் தலையில் இன்னும் அதன் சாயல் இருக்கிறது.

எண் என்றதும் இன்னொன்று. மலாயில் ஒற்றைப்படை எண்ணுக்குக் ‘கஞ்ஜில்’ என்று பெயர். விநோதமானது என்பதற்கும் அதே சொல். இரண்டு இரண்டாகப் பிரித்தபின் துணையில்லாமல் மிஞ்சுவது விநோதம் என்ற கணக்கு. நமக்கு அப்படி இல்லை. மொய் எழுதும்போது 50 ரிங்கிட் வைத்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஆனால் மனத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். 51 வைக்க வேண்டும். 100 அல்ல, 101. மிஞ்சி நிற்கிற அந்த ஒற்றை ரிங்கிட்தான் மங்கலம். இதற்கு நேர்மாறாக ஒற்றைத் தும்மல் கேட்டால் வெளியே கிளம்பியவர் திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

பக்கம் மாறிய சொற்கள்

செயலாளர் எழுதிக்கொண்டு வந்த விசித்திரம் ஒரு காலத்தில் ராஜ பட்டம். 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனுக்கு விசித்திரசித்தன் என்று ஒரு பெயர். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டு அந்தப் பெயரோடு சொல்கிறது. பாறையையே குடைந்துவிட்டான். அதுவரை இருந்த வழக்கத்துக்கு வெளியேதான் போனான். அங்கே விசித்திரம் என்பது பல வண்ணமாக விரிந்த மனத்தைக் குறித்தது. இன்று ஒருவரை விசித்திரமானவர் என்று சொன்னால் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

வக்கிரமும் அப்படித்தான். வளைந்தது என்றுதான் பொருள். பிள்ளையாரின் துதிக்கை வளைந்திருப்பதால் வக்கிரதுண்டர் என்று அவரைக் கும்பிடுகிறோம். அதே சொல்லை மனிதனுடைய புத்திக்கு முன்னால் வைத்தால் போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நூதனம் என்றால் புதியது. ஆனால் நாளிதழில் அதைத் தேடினால் ‘நூதன முறையில் மோசடி’, ‘நூதனத் திருட்டு’ என்ற தலைப்புகளுக்குள்தான் அது குடியிருக்கிறது. நம் செய்தியாளர்களுக்குத் திருடர்கள் மட்டும்தான் புதிதாக எதையாவது செய்கிறார்கள் போலும்.

என் கணக்கில் இந்த வரிசைக்கே மகுடம் ‘ஒரு மாதிரி’. மாதிரி என்றால் என்ன? மற்றவை எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக எடுத்து வைத்த ஒன்று. துணிக்கடையில் மாதிரித் துண்டு, தேர்வுக்கு முன் மாதிரி வினாத்தாள், ஊருக்கு முன்மாதிரி. வழக்கம் என்பதன் உருவமே அதுதான். அதற்கு முன்னால் ‘ஒரு’ போட்டால் தலைகீழாகிவிடுகிறது. “அவர் ஒரு மாதிரி” என்றால் எந்த மாதிரிக்கும் அடங்காதவர். “உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது” என்றால் வேலைக்கு வரமாட்டார். என்ன மாதிரி என்று சொல்லாமல் விட்டதில்தான் அத்தனை வேலையும் நடக்கிறது. கேட்பவர் தனக்குத் தெரிந்த மோசமான மாதிரியை எடுத்துப் பொருத்திக்கொள்வார். சொன்னவர் நாளைக்கு, “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. உடலைக் குறித்த பழைய சொற்கள் பல, வெறும் பெயராகத் தொடங்கி வசையாக முடிந்தவை. அவை கழிந்து மாற்றுத்திறனாளி புகுந்தது. மலாய்ச் சொல்லான ‘ஓராங் கூராங் உபாயா’ ஆற்றல் குறைந்தவர் என்கிறது. தமிழ்ச் சொல் ஆற்றல் வேறு வகையில் இருக்கிறது என்கிறது. குறை என்பது ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுகிறது, மாற்று என்பது அளவுகோலைக் கீழே வைத்துவிடுகிறது. புறம்போக்கு என்ற சொல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வரிக் கணக்கில் சேராத நிலம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வீடில்லாதவர்கள் அந்த நிலத்தில் குடிசை போட்டார்கள். பெயர் நிலத்தை விட்டு ஆட்களின் மேல் ஒட்டிக்கொண்டது. இப்போது அதை வசையாகத்தான் கேட்கிறேன்.

செயலாளரின் தாளுக்கு வருகிறேன். விசித்திரத்தை அடித்துவிட்டுச் ‘சிறப்புப் பொதுக்கூட்டம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

“ஐயா, சிறப்பு என்று போட்டால் சாப்பாடு உண்டு என்று நினைத்துக் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள்.”

‘அசாதாரணப் பொதுக்கூட்டம்’ என்று எழுதிக் காட்டினேன். அடிதடி நடக்கும் என்று நினைப்பார்கள் என்றார். நடக்குமா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், பொருளாளர் மூன்று மாதமாகக் கணக்குக் காட்டவில்லை என்றார். விடை வழு என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் சரியான விடைதான். கடைசியில் ‘அவசரப் பொதுக்கூட்டம்’ என்று முடிவாயிற்று. கீழே ‘உறுப்பினர்கள் தவறாமல் வருக’ என்று நானே சேர்த்தேன்.

தாளை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஐயா, அதற்கும் கீழே சின்ன எழுத்தில், தேநீர் மட்டும் வழங்கப்படும் என்று போட்டுவிடுங்கள்.”